நெல் வயலுக்கு வேர்ப் பங்கசு: தென்மராட்சியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

யாழ்ப்பாணத்து மீசாலையில் இரண்டு ஏக்கர் வயல் செய்வதாகவும், வானம் பார்த்த விதைப்பு என்றும், பசளை விலையால் கடந்த இரண்டு போகமும் கையைக் கடித்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேரோடு சேர்ந்து வாழும் பங்கசைத் தூளாக ஒருவர் விற்கிறார், அதை இட்டால் நெல்லுக்குத் தண்ணீரும் பசளையும் பாதி போதும் என்கிறார், நம்பி வாங்கலாமா, ஏக்கருக்கு எவ்வளவு இடவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பங்கசு நெல்லுக்கு உதவுமா என்பது ஒன்று. அந்தத் தூள் உங்கள் வயலுக்கு உதவுமா என்பது மற்றது. முதலாவதற்கு, உதவும் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்கு, காசை எண்ணிக் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அந்தப் பங்கசு அநேகமாக உங்கள் வரம்பிலேயே இருக்கிறது.

நான் மண் நுண்ணுயிரியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கமக்காரரோடு வேலை செய்கிறேன். கைதடிப் பக்கம் சிறிய வயல் ஒன்றும் உண்டு. என் அனுபவத்தில் பெரும்பகுதி தென்மராட்சியின் மணல் கலந்த வயல் மண்ணில் பெற்றது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கோ காரைநகரின் உவர் நிலத்துக்கோ நான் சொல்வதை அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. உங்கள் வயல் மீசாலையில் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் துணிந்தேன்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். வேருக்குள் புகுந்து வாழ்ந்து, வேருக்கு வெளியே மண்ணில் இழைகளைப் பரப்பும் இந்தப் பங்கசை மைக்கோரைசா என்கிறார்கள். பங்கசு, வேர் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1885 ஆம் ஆண்டில் ஆல்பேர்ட் பேர்ன்ஹார்ட் பிராங்க் என்ற ஜேர்மனியத் தாவரவியலாளர் வைத்த பெயர் அது. நெல்லோடு சேர்வது அதில் ஒரு வகை. செடிகள் நிலத்தில் கால் ஊன்றிய காலத்திலிருந்தே இந்த உறவு இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுப் பழமையான கல்லாகிப்போன செடிகளுக்குள்ளும் இதன் உருவம் தெரிகிறது. கடைகளில் 'நல்ல பங்கசு' என்று விற்கும் திரைக்கோடேர்மா வேறு. அது உக்கும் பொருளைத் தின்று வாழக்கூடியது. அவித்த தானியத்திலேயே வளர்த்துவிடலாம். நெல்லோடு சேரும் மைக்கோரைசாவோ உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டாலே விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி கைக்கு வந்துவிடும்: இதை எந்தச் செடியின் வேரில் வளர்த்தீர்கள்?

இது செய்யும் வேலை என்ன? பொசுபரசு மண்ணில் நடமாடாத சத்து. நைதரசன் தண்ணீரோடு ஓடிவரும். பொசுபரசு கிடந்த இடத்திலேயே கிடக்கும். நெல்வேர் தன்னைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், அதற்கு அப்பால் இருப்பது அதற்கு இல்லாத பொருள்தான். நம் மண்ணில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இடும் பொசுபரசுப் பசளையான ரி.எஸ்.பி.யின் ஒரு பகுதி கல்சியத்தோடு பிணைந்து இறுகிவிடுகிறது. பங்கசின் இழை தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளில் அது நுழையும். வேரைத் தாண்டிச் சில சென்ரிமீற்றர் தூரம் போய்ப் பொசுபரசைத் திரட்டி வேருக்குள் கொண்டுவந்து இறக்கும்.

இந்த உறவைத் தொடங்குவது செடிதான். பொசுபரசு போதாமல் போனால் நெல்வேர் ஸ்ரிகோலக்ரோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதன் சுவடு பட்டதும் பங்கசின் இழை கிளைவிட்டு வேரை நாடி வருகிறது. இதை 2005 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2008 இல், இதே பொருள்தான் செடிக்குள் கிளை வெடிப்பதையும் அடக்குகிறது என்று தெரிந்தது. பொசுபரசு இல்லாத வயலில் நெல் மட்டம் வெடிக்காமல் ஒற்றைத் தண்டாக நிற்பதை நீங்களும் நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். மேலே மட்டத்தை அடக்கும் அதே பொருள் கீழே வேரில் பங்கசை வரவழைக்கிறது. இதைப் படித்தறிந்த நாளிலிருந்து, மட்டம் வெடிக்காத வயலை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

வேருக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்றும், பேனா மையும், வினாகிரியும், வேரை வெளிறச் செய்யக் கொஞ்சம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் போதும். (அந்தக் காரத்தைக் கையுறை போட்டு, வேதியியல் ஆசிரியர் ஒருவரின் துணையோடுதான் கையாளவேண்டும்.) ஒரு ஐப்பசி மாதம், விதைத்து 35 நாளான மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லினத்தின் நாற்றை மண்ணோடு கிளறி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, தடித்த வேரிலிருந்து பிரியும் கிளைவேர்களை மட்டும் நறுக்கினேன். காரத்தில் சூடாக்கியதும் வேர் கண்ணாடிபோல் ஆனது. வினாகிரியில் கரைத்த மையில் சில நிமிடம் வைத்து எடுத்துப் பார்த்தபோது, வேரின் கலங்களுக்குள் நீல நிறத்தில் குட்டி மரங்கள் நின்றன. அடியில் ஒரு தண்டு. மேலே கிளை, கிளைக்குள் கிளை, கடைசியில் புகைபோல் மங்கும் நுனிகள். பொசுபரசு கைமாறும் இடம் அதுதான். அந்த மரம் ஒவ்வொன்றும் சில நாட்களே வாழும். பழையது கரையப் புதியது முளைக்கும்.

அந்த மரங்கள் நிற்கும் கலங்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு மரபணு நெல்லுக்கு உண்டு என்பதை 2002 இல் உட்டா பஸ்கோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பங்கசு கொண்டுவரும் பொசுபரசை வாங்கி உள்ளே எடுப்பதே அதன் வேலை. பங்கசு இல்லாவிட்டால் அது விழிப்பதில்லை. நெல் தண்ணீர்ப் பயிர், அதற்கும் பங்கசுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நெல்லே தனக்குள் இதற்கென்று ஒரு வாசலை வைத்திருக்கிறது.

ஆனால் இந்த உதவி இலவசம் அல்ல. இலை ஒளித்தொகுப்பில் சேர்க்கும் காபனில் நூற்றுக்கு 4 முதல் 20 வீதம் வரை பங்கசுக்குப் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். தனக்கு வேண்டிய கொழுப்பைக்கூடப் பங்கசு தானாக ஆக்குவதில்லை, செடியிடம்தான் வாங்குகிறது. அதனால் பொசுபரசு தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் செடி வாசலைச் சாத்திவிடுகிறது. ஸ்ரிகோலக்ரோன் குறைகிறது, பங்கசு உள்ளே வந்தாலும் பரவுவதில்லை. உங்கள் கேள்விக்கு இதுதான் மையம். அடிக்கட்டுப் பசளையாக ரி.எஸ்.பி.யை வழக்கம்போல் அள்ளிக் கொட்டிவிட்டு அதன் மேல் பங்கசுத் தூளையும் தூவுவது, ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிட்டுப் படலையைப் பூட்டிவைப்பது போன்றது.

இனிப் பசளைக் கணக்குக்கு வருவோம். எது குறையும், எது குறையாது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் 'பாதி போதும்' என்று பொதுவாகச் சொல்வது தவறு. ஒரு தொன் நெல் விளைய, கதிரும் வைக்கோலுமாக ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ நைதரசன் வேண்டும். பொசுபரசு 3 கிலோ அளவில்தான். பொற்றாசியம் மறுபடியும் 15 முதல் 20 கிலோ. அந்த நைதரசனை யூரியாக் கணக்கில் பார்த்தால் 33 முதல் 43 கிலோ. பங்கசு காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்காது. அது பயறு, உழுந்தின் வேர் முடிச்சில் வாழும் பக்ரீரியாவின் வேலை. மண்ணில் இல்லாத நைதரசனை எந்தப் பங்கசாலும் உண்டாக்க முடியாது. ஆகவே பங்கசை நம்பி யூரியாவைப் பாதியாக்கினால் பயிர் மஞ்சளாக நிற்கும். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் திடீரெனத் தடை வந்தபோது நாடு முழுவதும் வயல்கள் எப்படி வெளிறின என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நைதரசனில் பங்கசுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2020 இல் வெளியான ஒரு சீன ஆய்வில், நைத்திரேற்று வடிவில் இருக்கும் நைதரசனைப் பங்கசு நெல்லுக்குக் கடத்துகிறது என்றும், தாங்கள் சோதித்த நிலைமையில் செடி எடுத்த நைதரசனில் 40 வீதத்துக்கு மேல் அந்த வழியில் வந்தது என்றும் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் அது கட்டுப்படுத்திய சூழலில் கண்டது. நீர் நிற்கும் வயலில் நைதரசன் பெரும்பாலும் அமோனிய வடிவில்தான் இருக்கும். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து யூரியா மூட்டையைக் குறைக்கும் துணிவு எனக்கு இல்லை. யூரியாவைச் சிக்கனமாக்க வேண்டுமானால் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வர்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும் நேரத்தில் கேட்கும் அளவு இடுவதே நிச்சயமான வழி. பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது; மாட்டுக்குப் போன வைக்கோல் எருவாகத் திரும்பி வந்தால் பொற்றாசியப் பசளையான எம்.ஓ.பி.யில் மிச்சம் பிடிக்கலாம். இவை இரண்டுக்கும் பங்கசு வேண்டியதில்லை.

நிச்சயமாகக் குறைக்கக்கூடியது பொசுபரசு. அதையும் மண்ணைப் பரிசோதித்த பிறகே குறைக்கவேண்டும். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள விவசாயத் திணைக்களத்தாரிடமோ உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள். சுண்ணாம்பு மண்ணுக்கு ஒல்சன் முறையில் பொசுபரசு அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அமிலத்தால் பிரித்தெடுக்கும் முறைகள் இந்த மண்ணில் ஏமாற்றும். பல ஆண்டுகளாக ரி.எஸ்.பி. இட்டுவந்த வயலில் மண்ணுக்குள் ஏற்கெனவே சேமிப்பு இருக்கும். அந்தச் சேமிப்பை எடுத்துத் தரத்தான் பங்கசு. எப்பாவலப் பொசுபேற்றை வாங்கிப் போட்டால் பங்கசு கரைத்துத் தரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பாறைப் படிவு நம் நாட்டின் செல்வம்தான். தேயிலை மலைகளின் அமில மண்ணில் அது மெல்ல மெல்லக் கரையும். நம்முடைய சுண்ணாம்பு மண்ணில் அது கல்லாகவே கிடக்கும்.

பலர் சொல்லாமல் விடும் ஒரு நன்மை நாகச் (துத்தநாகச்) சத்து. விதைத்து மூன்று, நான்கு கிழமைகளில் அடியிலைகளில் துருப் பிடித்ததுபோல் கபிலப் புள்ளிகள் தோன்றி, பயிர் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். 'நோய் விழுந்துவிட்டது' என்று மருந்தடிப்பார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது பல நேரங்களில் நாகக் குறைபாடு. பொசுபரசைப் போலவே நாகமும் மண்ணில் நடமாடாது. அதையும் பங்கசு தேடிக் கொண்டுவரும். ரி.எஸ்.பி.யை அதிகமாக இட்டால் நாகக் குறைபாடு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் மண்ணில் ரி.எஸ்.பி.யைக் குறைப்பதற்குச் செலவைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்ப் பேச்சு கொஞ்சம் நுணுக்கமானது. உலகக் கணக்கில் ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2500 லீற்றர் தண்ணீர் போகிறது என்பார்கள். அதைக் குறைக்கவேண்டும் என்ற கவலை, குளத்துத் தண்ணீர் பாய்ச்சி வயல் செய்யும் இடங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்பவருக்குத் தண்ணீர் மிச்சம் என்றால் வாய்க்காலில் மிச்சம். உங்களுக்கும் எனக்கும் வாய்க்கால் ஏது? ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் நமக்கு மொத்தமும். ஆகவே 'தண்ணீர் பாதி போதும்' என்பதை நம் ஊர்க் கணக்கில் இப்படிக் கேட்கவேண்டும்: இடையில் பத்துப் பன்னிரண்டு நாள் மழை பொய்த்தால் பயிர் தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்க உதவும் என்பதற்குச் சட்டிச் செடிகளில் செய்த சோதனைகள் பல சான்று தருகின்றன. பங்கசு ஏறிய நெல் காய்ச்சலிலிருந்து வேகமாக மீள்கிறது. இலையில் நீர் கூடுதலாக நிற்கிறது. இதில் எவ்வளவு பங்கசு நேரடியாகத் தண்ணீர் கொண்டுவருவதால், எவ்வளவு பொசுபரசு கிடைத்துப் பயிர் திடமாக இருப்பதால் என்று பிரிப்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. திறந்த வயலிலோ விளைவுகள் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. ஒரு கிழமை கூடுதலாகத் தாங்கலாம் என்று நம்புங்கள். ஒரு மழையை ஈடுசெய்யும் என்று நம்பவேண்டாம்.

இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பங்கசுக்கு ஒட்சிசன் வேண்டும். சேறடித்து, நீர் கட்டி, நாற்று நடும் வயலில் அதற்கு மூச்சு முட்டும். நெல்வேருக்குள் இருக்கும் காற்றுக் குழாய்களின் தயவால் கொஞ்சம் உயிரோடு கிடக்குமே தவிர, பரவாது. நம் முன்னோர் செய்துவந்ததோ புழுதி விதைப்பு. ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ காய்ந்த மண்ணில் விதைத்து, முதல் மழைக்கு முளைத்து, வயலில் நீர் நிற்கத் தொடங்குமுன் நான்கைந்து கிழமைகள் காற்றோட்டமான மண்ணில் வேரோடுகிறது பயிர். பங்கசு குடியேற வேண்டிய காலமும் அதுதான். தண்ணீரைச் சேமிக்கும் புதிய முறை என்று உலகத்தார் இன்று தேடிப்போகும் நேரடி உலர் விதைப்பு, நமக்குப் பரம்பரைச் சொத்து. உழவு இயந்திரம் பிந்திவிட்டது என்று ஐப்பசிச் சேற்றில் விதைக்கும் ஆண்டுகளில் அந்த நான்கு கிழமைகளை நாம் இழக்கிறோம்.

இதை என் வயலிலேயே பார்த்தேன். மொட்டைக்கறுப்பன் வேரை நிறமேற்றிப் பார்த்த அதே ஆண்டு, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு பள்ளத்தில் இரண்டு கிழமை நீர் நின்ற இடத்திலும், மேட்டுப் பக்கத்திலும் வேர் எடுத்து நிறமேற்றினேன். மேட்டு வேரில் குட்டி மரங்கள் செழித்திருந்தன. பள்ளத்து வேரில் பழைய இழைகளும் பங்கசின் சில சேமிப்புப் பைகளும் மட்டும் ஒட்டிக்கிடந்தன. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, இடையே நாற்பது அடிதான். அதற்காகத் தேங்கிய மழைநீரை எல்லாம் வரம்பை வெட்டி வெளியே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வானம் பார்த்த வயலில் விட்ட தண்ணீர் திரும்பி வராது, களையும் கிளம்பும், மண் மாறிமாறிக் காய்ந்து நனைந்தால் நைதரசனும் காற்றோடு போகும். கிணற்றுத் தண்ணீர் வசதி உள்ளவர்கள் மட்டும் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சும் முறையைக் கையாளலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை அது; தண்ணீரில் 30 வீதம் வரை மிச்சமாகும். பூக்கும் காலத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

இனித் தூளைப் பற்றி. வெளியிலிருந்து பங்கசைக் கொண்டுவந்து இட்டால் விளைச்சல் கூடுமா என்ற கேள்விக்கு நான் அறிந்த மிக நேர்மையான விடை சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. அங்கே 54 வயல்களில் சோளத்துக்கு ஒரே பங்கசை இட்டுப் பார்த்தார்கள். 2023 இல் வெளியிட்ட முடிவுப்படி, சில வயல்களில் வளர்ச்சி 40 வீதம் கூடியது; சிலவற்றில் 12 வீதம் குறைந்தது. தெளிவான நன்மை கண்டவை ஏறக்குறைய கால்வாசி வயல்கள். நோய்ப் பங்கசுகள் மிகுந்த மண்ணில்தான் இது நன்றாக உதவியது. அது சோளம், வேறு நாடு, வேறு மண். இருந்தாலும் 'எல்லா வயலுக்கும் பாதிப் பசளை' என்று அடித்துச் சொல்பவரிடம் கேட்பதற்கு அந்த 54 வயல்கள் போதும்.

அதுவும் உயிருள்ள பங்கசை இட்டபோது. பொதிக்குள் உயிர் இருக்கிறதா என்பதே தனிக் கேள்வி. பசளைத் தடைக் காலத்தில் இங்கேயும் பலவிதப் பொதிகள் வந்தன. அப்படி ஒன்றை வாங்கி நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஆற்று மணலைப் பழைய பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் அவித்து ஆறவைத்தேன். மூன்று சட்டிகள். ஒன்றில் வெறும் மணல். ஒன்றில் மணலோடு அந்தத் தூள். ஒன்றில் மணலோடு என் வரம்பில் அறுகம்புல்லுக்குக் கீழே தோண்டிய ஒரு பிடி மண். மூன்றிலும் சோளம் போட்டேன். ஆறு கிழமை கழித்து வேரைக் கழுவி நிறமேற்றினேன். வெறும் மணல் வேர் வெறுமையாகவே இருந்தது. தூள் இட்ட வேரும் அப்படியே. வரம்பு மண் வேர் முழுக்க நீலம். அந்தத் தூள் பிழையாகத் தயாரிக்கப்பட்டதா, கடை அலுமாரியில் வெயிலில் கிடந்து செத்ததா என்பது வேறு. வாங்கியவன் கையில் கிடைத்தது உயிரற்ற தூள். எல்லாப் பொதிகளும் அப்படி என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பல நாட்டுச் சந்தைப் பொதிகளைச் சோதித்தவர்களும் இதே குறையைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? என் பதிலில் மிக முக்கியமான இடம் இதுதான். நம் வயலில் பங்கசைக் கொல்வது பசளையை விட வெறுமை. மாசியில் அறுவடை, அடுத்த விதைப்பு ஆவணி, புரட்டாசியில். ஆறேழு மாதம் நிலம் காய்ந்து கிடக்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பங்கசு உண்ண வழியில்லை. வித்தியாகவும் பழைய வேர்த் துண்டுகளிலும் பதுங்கிக் கிடக்கும். மாதம் கூடக்கூட எண்ணிக்கை குறையும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட நாள் வெறுமையாக விட்ட நிலத்தில் அடுத்த பயிர் பொசுபரசும் நாகமும் கிடைக்காமல் குன்றியதற்கு இதுவே காரணம் என்று 1980 களிலேயே கண்டார்கள்.

அறுவடை முடிந்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயறோ உழுந்தோ எள்ளோ தூவுங்கள். நம் தகப்பன்மார் செய்ததுதான். கட்டாக்காலி மாடுகளுக்குப் பயந்து விட்டுவிட்டோம். பக்கத்து வயற்காரர் நாலு பேர் சேர்ந்தால் காவல் பிரச்சினையும் தீரும். பயறும் உழுந்தும் பங்கசையும் வளர்க்கும், நைதரசனையும் பிடிக்கும். காசாக ஒன்றும் வேண்டாம் என்றால் சணலை விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழலாம். சித்திரைக்குப் பிறகு ஈரம் ஒட்டாமல் போய்ப் பயிர் பட்டுவிடும் என்பது தெரியும். அந்த இரண்டு மூன்று மாதமே பங்கசுக்குப் பெரிய காலம். கோவாவும் பீற்றூட்டும் மட்டும் இதற்கு உதவா. அந்த இரண்டு குடும்பத்துச் செடிகளும் பெரும்பாலும் இந்தப் பங்கசை உள்ளே விடுவதில்லை. கோரை மண்டிய நிலமும் பெரும்பாலும் அப்படித்தான். வரம்பில் அறுகை விட்டுவையுங்கள். களைநாசினி அடித்து வரம்பை மொட்டையாக்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. விதைச்சாலையை எரிப்பது போன்ற வேலை அது.

வரம்பு மண்ணைப் பெருக்கவும் முடியும். பழைய யூரியாப் பைகளில் மணலும் வரம்பு மண்ணும் கலந்து சோளமோ கௌபியோ நட்டு, மூன்று மாதம் வளர்த்து, கடைசிப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செடி காயும்போது பங்கசு வித்திகளைக் கட்டிவைக்கும். மேற்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே மண்ணோடு கலந்தால் அதுவே உங்கள் தூள். வீசி விதைக்கும் வயலில் மேலே தூவினால் பெரும்பகுதி வீண். விதை விழும் கோட்டில், விதைக்குக் கீழே விழவேண்டும். நாற்றை வீசி நடும் பரசூட் முறைக்குத் தட்டில் நாற்று விடுபவராக இருந்தால் தட்டு மண்ணில் கலப்பதே சிக்கனம். ஓர் எச்சரிக்கை: மிளகாய், புகையிலை, தக்காளி நட்ட தோட்டத்து மண்ணை இதற்கு எடுக்கவேண்டாம். வேர்முடிச்சு வட்டப்புழுவையும் சேர்த்து வளர்த்துவிடுவீர்கள். விதை நெல்லைக் காபன்டசிம் போன்ற பங்கசுநாசினியில் புரட்டுவதும் இந்தப் பங்கசுக்கு ஆகாது. நோய் இருந்த விதையானால் மருந்து அவசியம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

உங்கள் இரண்டு ஏக்கருக்கும் இந்தப் போகம் நான் செய்யச் சொல்வது ஒரு சிறிய சோதனை. வயலின் மேட்டுப் பக்கத்தில் ஆறு கீலங்களாகக் குறியடித்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை இடம்கொடுத்தால் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று கீலங்களில் ரி.எஸ்.பி.யைப் பாதியாக்குங்கள். மற்ற மூன்றிலும் வழக்கமான அளவு. யூரியா எல்லாவற்றுக்கும் ஒன்றே. வசதி இருந்தால் பாதியாக்கிய கீலங்களின் ஒரு பகுதியில் வளர்த்த வரம்பு மண்ணையும் இடுங்கள். அறுவடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடித்து நிறுத்து எழுதிவையுங்கள். ஒரு போகத்தை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு போகமாவது பாருங்கள். 2008 நிஷாப் புயல்போல ஒரு கார்த்திகை வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஆறு கீலங்களில் தோற்றால் சில கிலோ நெல் போகும். இரண்டு ஏக்கரிலும் தோற்றால் வீட்டுச் சாப்பாடு போகும்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் வெங்காயத் தோட்டம் இருந்தால் பங்கசுக்கான உழைப்பை முதலில் அங்கே போடுங்கள். சின்ன வெங்காயத்தின் வேர் கட்டை வேர். வேர்மயிர் மிகக் குறைவு. பங்கசை நெல்லை விடப் பல மடங்கு நம்பியிருக்கும் பயிர் அது. தோட்டத்துக்குக் கொட்டும் பசளைதான் சுண்ணக்கல் இடுக்கு வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது அளந்து கண்ட உண்மை. அந்தத் தண்ணீரில்தான் நம் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கிறோம்.

விதைத்து ஐந்தாம் கிழமை, வயலில் நீர் நிற்குமுன், ஒவ்வொரு கீலத்திலும் இரண்டு நாற்றை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி எடுங்கள். கையால் பிடுங்கினால் நமக்கு வேண்டிய மெல்லிய கிளைவேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளியில் ஊறவைத்துக் கழுவி, எந்தக் கீலம் என்று எழுதிய சிறு போத்தல்களில் வினாகிரிக்குள் போட்டுவையுங்கள். பல நாள் கெடாது. பக்கத்துப் பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் உயர்தர வகுப்பு உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள், பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம். குட்டி மரங்கள் தெரிந்தால் தூள் வாங்கவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஒன்றுமே தெரியாவிட்டால், மாசியில் அறுவடை முடிந்ததும் முதலில் பயறு விதைக்கவேண்டிய வயல் உங்களுடையது.